இடது கையில் மாமனார்

என்னைத் திட்டவும் காப்பாற்றவும் என்றே எனக்கு முன்னால் பிறந்துவிட்ட அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கு என் இடது கையைத் தவிர அனைவரும் நலம். அங்கு உன் முழங்கால் வலியும் அத்தானின் குறட்டையும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

எங்கள் கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரியை அசத்தலாம் என்று அவள் முகத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டேன். குத்தியவன் நம் சலூனுக்கு முடி வெட்டிக்கொள்ள வருகிறவன்தான். தொழில் பழகுகிறேன் என்றான், நானும் கையை நீட்டிவிட்டேன். நான் கொடுத்த போட்டோதான் வினை. தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரக் காலோடு உள்ளே வந்த என்னை அவள் முறைத்தபோது எடுத்தது. எனக்கு அந்த முறைப்பு ரொம்பப் பிடிக்கும். அவன் துண்டை வழுக்கையாக்கி, மூக்கு நிழலை மீசையாக்கிவிட்டான். குத்தி முடித்துக் கையில் சுற்றிய துணியைப் பிரித்துப் பார்த்தால், ஐயோ அக்கா, சாட்சாத் என் மாமனார்! "சலூன்காரனுக்கா பொண்ணு குடுப்பேன்?" என்று கல்யாணத்தன்று கதவைச் சாத்தியவர், இன்றுவரை எங்கள் வாசலை மிதிக்காதவர், என் கையில் உட்கார்ந்து முறைக்கிறார்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள். "அப்பா முகத்த மறக்க நான் எவ்வளவு பாடுபடறேன், நீங்க கையிலயே கொண்டாந்து வச்சிருக்கீங்களே!" என்றதோடு சரி, அப்புறம் பேச்சே இல்லை. சோறு போடுகிறாள். நான் தண்ணீர்ச் செம்புக்குக் கையை நீட்டினால் எழுந்து போய்விடுகிறாள்.

சலூனிலோ கண்ணாடியில் பார்த்து "யாருண்ணே அந்தப் பெரியவரு?" என்று கேட்காத ஆளில்லை, யோசனைக்கும் பஞ்சமில்லை. ஷேவிங்குக்கு வந்த லாரி டிரைவர் "உப்பு வச்சுத் தேயுங்க, ஓடிப்போயிடும்" என்றார், தேய்த்தேன், தோல் போனது, மாமனார் போகவில்லை, அந்தப் புண்ணுக்கு மருந்து வாங்கப் போன கடையில் ஒருத்தர் ஏதோ கிரீமை என் தலையில் கட்டினார், தடவினால் கை முடியெல்லாம் கொட்டி, அதுவரை மறைவாக இருந்த மனிதர் பளிச்சென்று வெளியே வந்துவிட்டார். குத்தியவனைப் பிடித்து உலுக்கினால், "மேல ஒரு புலிய போட்டு மூடிடலாம்ண்ணே" என்கிறான். இவர் ஒருத்தர் பத்தாதா, புலி வேறயா? கடைசியில் தோல் டாக்டரம்மாவிடம் போய், வெட்டித் தைத்துவிடுங்கள் என்றேன். "சின்னப் பொட்டுன்னா வெட்டலாம். இது முழு மூஞ்சி, பெரிய தழும்புதான் மிஞ்சும்" என்றவர், உப்புப் புண்ணுக்காக ஒரு பாட்டம் திட்டிவிட்டு, லேசர்தான் ஒழுங்கான வழி, கறுப்பு மை அதற்கு நன்றாகக் கேட்கும், ஆனால் புண் ஆறிய பிறகு, இடைவெளி விட்டுப் பல தடவை, ரப்பர் பேண்டால் சுண்டுகிற மாதிரி வலிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும் என்றார்.

வீட்டில் வந்து சுவரைப் பார்த்துச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "மொத்தமா மங்கிடுமா?" என்றாள். ஆமாம் என்றேன். குழாயைக்கூட மூடாமல் அப்படியே நின்றாள். எனக்கு மனசே கேட்கவில்லை அக்கா. கையே போனாலும் போகட்டும், அவள் பழையபடி பேசினால் போதும். பச்சை குத்தும்போதே மயங்கி விழுந்தவன் நான், லேசருக்குத் துணையாக நீ வந்தே ஆக வேண்டும். அவளிடமும் நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, கையைக் காலைச் சும்மா வைத்துக்கொண்டு, நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அசட்டுத் தம்பி

பி.கு. கவரை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழ். லேசர் வேண்டாம். சலூனுக்கு வருகிற யாரோ போய்ச் சொல்லி, மாமனார் இன்று காலை நேரே கடைக்கே வந்துவிட்டார். "கையக் காட்டு" என்றார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கண் கலங்கியதைப் பார்த்து மூடிக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டில் மகள் பரிமாற, உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவள் என்னை அடுப்படிக்கு இழுத்து, "லேசரு கீசருன்னு போனீங்க, தொலைச்சிடுவேன்!" என்றாள். பேசிவிட்டாள் அக்கா! அவருக்கு ஒரே ஒரு குறைதான். "மூக்குக்கண்ணாடிய விட்டுட்டாங்களே, அதையும் போடச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இன்றுதான் என்னை அப்படிக் கூப்பிடுகிறார். புண் ஆறட்டும், மூக்குக்கண்ணாடி என்ன, குடை கேட்டாலும் குத்திக்கொள்வேன்.