பதினேழாம் நம்பரும் நின்றுபோன முந்தானையும்

காஞ்சிபுரம்,
சனிக்கிழமை

காசி யாத்திரையில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை மாணிக்கவேல் அவர்களுக்கு, மச்சான் அப்பாதுரை எழுதுவது. இங்கே நானும், கடையும், பின்கட்டுத் தறிகளும் இந்த நிமிஷம் வரை சௌக்கியம். அங்கே நீங்களும் என் தங்கச்சி அம்சவேணியும் கங்கையில் சளி பிடிக்காமல் முழுகி எழ ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். யாத்திரை முடிகிறவரை போனைத் தொடுவதில்லை என்று இரண்டு போனையும் பீரோவில் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டீர்கள். அதனால் நாளை காசிக்குக் கிளம்பும் எதிர்க்கடை ராமலிங்கம் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிக்கிற ஆள்தான், பரவாயில்லை, எல்லாம் நல்ல செய்திதான்.

கிளம்பும்போது, கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் மச்சான், கம்ப்யூட்டர் பெட்டிகளை மட்டும் தொடாதீர்கள் என்று சொன்னீர்கள். சத்தியமாக நான் முதலில் தொடவில்லை, இடிதான் தொட்டது. நீங்கள் போன மறுநாள் பெய்த மழையில் தறிக்கூடத்து ஸ்விட்ச் பெட்டி, அதுதான் கம்ப்யூட்டர் ஒயரெல்லாம் வந்து சேருகிற பெட்டி, கருகிப்போய்விட்டது. ரிப்பேர்க்காரர் சரத்குமாரைக் கூப்பிட்டேன். அதே கம்பெனிப் பெட்டி கிடைக்கவில்லை என்று வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். நான் சும்மா இராமல் விளக்கம் கேட்டேன். டிசைன் எல்லாம் கடையில் இருக்கும் சர்வரில் இருக்கிறதாம். கடையில் ஒரு ஸ்விட்ச் பெட்டி, தறிக்கூடத்தில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒயர். அந்த ஒரே ஒயரில் பில் கணக்கு, கேமரா படம், தறிக்கான டிசைன் மூன்றும் கலக்காமல் போக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் ஒட்டி அனுப்புகிறார்களாம். ஒரே ரோட்டில் போனாலும் செவிலிமேடு பஸ்ஸை நம்பர் பார்த்து ஏறுகிற மாதிரி. பில்லுக்குப் பத்து, கேமராவுக்குப் பன்னிரண்டு, தறிக்குப் பதினேழு. எனக்குப் பகீரென்றது. பதினேழு, கூட்டினால் எட்டு. சனி பகவான் நம்பர். இத்தனை வருஷம் பட்டுத் தறியை எட்டிலா ஓட்டிக்கொண்டிருந்தீர்கள்? அது உள்ளுக்குள்ளே இருக்கிற நம்பர் சார், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றார் சரத்குமார். சனி பகவான் பார்ப்பாரே என்றேன். அவர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார். லேப்டாப் திறந்தே கிடந்தது. ஏழை அழித்து எட்டைப் போட்டேன், பதினெட்டு, கூட்டினால் ஒன்பது, அமோகமான நம்பர். பக்கத்திலிருந்த பட்டனையும் ஒரு தட்டுத் தட்டினேன். அவர் வந்து எதையும் பார்க்காமல் சேவ் பண்ணிவிட்டு மூடினார்.

பில் வந்தது, கேமரா வந்தது, தறி மட்டும் நின்றுபோனது. எந்தத் தறி என்கிறீர்கள்? செவிலிமேட்டுத் தலைமையாசிரியை பெரியநாயகி அம்மா, தன் மகள் சத்யப்ரியாவின் முகூர்த்தத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்களே, அந்த அரக்குப் புடவை. உடம்பு முழுக்க நெய்தாயிற்று, முந்தானை டிசைன் சர்வரிலிருந்து வந்தால்தான் மேலே அசையும். நெசவாளர் வேல்முருகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பென் டிரைவில் போட்டு ஏற்றலாமே என்றேன். தறியில் அதைச் சொருகும் ஓட்டைக்குள் பஞ்சு அடைத்துப் போன தீபாவளிக்கே செத்துவிட்டதாம். சரத்குமார் ஒயரை மாற்றினார், ஒயர் தலையை மாற்றினார், ஓட்டையை மாற்றிச் சொருகினார், பச்சை விளக்கு மட்டும் நன்றாகக் கண் சிமிட்டியது. கடைசியில், ரெண்டும் வேற வேற கம்பெனி சார், ஒத்துப்போகாது என்று கையை விரித்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, சம்பந்திகளே ஒத்துப்போவதில்லையே. பெட்டி தெற்கே பார்த்திருக்கிறது என்று திருப்பி வைத்தேன், பூசணிக்காய் உடைத்தேன். நான் பதினெட்டைப் போட்டதுதான் காரணமாக இருக்கும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை மாப்பிள்ளை, நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியநாயகி அம்மா தினம் போன் செய்து, இல்லை என்றால் சொல்லிவிடுங்கள், எதிர்க்கடையில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ராத்திரியில் தூக்கம் இல்லை. மச்சானை நம்பிக் கடையை விட்டோம், பேரைக் கெடுத்துவிட்டான் என்று நீங்கள் சொல்லப்போவதை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் அம்மாவும் மகளும் நேரிலேயே வந்துவிட்டார்கள். அந்தப் பெண் சத்யப்ரியா சிறுசேரியில் இதே ஸ்விட்ச் பெட்டிகளைக் கட்டி மேய்க்கிற வேலை பார்க்கிறதாம், யாருக்குத் தெரியும். புடவை எங்கே என்று கேட்கவில்லை, பெட்டி எங்கே என்று கேட்டது. மருதாணிக் கையோடு தறி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சரத்குமாரின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டது. கல்யாணப் பொண்ணு ஜவுளி எடுக்க வந்த இடத்துல வேலை பாத்துக்கினு இருக்குதே என்று அவங்கம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். அது சர்வரைப் பார்த்தது, கடைப் பெட்டியைப் பார்த்தது, புதுப் பெட்டியைப் பார்த்தது.

"கம்பெனி மேல ஒண்ணும் தப்பு இல்லண்ணா. அங்க பதினேழு, இங்க பதினெட்டு. இத யாரு மாத்துனது?"

சரத்குமார் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அப்புறம் வேறு வழியில்லாமல், நான்தாம்மா, கூட்டினா எட்டு வருது, கல்யாணப் புடவை ஆச்சேன்னு மாத்தினேன் என்றேன்.

"அங்கிள், நான் பொறந்ததே பதினேழாந்தேதிதான். நல்லாத்தான இருக்கறேன்?"

அது பதினெட்டை அழித்துப் பதினேழைப் போட்டது. வேல்முருகன் மிதியை மிதித்தார், தறி கடகடவென்று பேச ஆரம்பித்தது. முந்தானையில் முதல் யாளியின் கால் நகம் தெரிந்ததும் நான் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ராகு காலம் வருது எழுந்திருடி என்று அவங்கம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புடவை அறுத்து, மடித்து, காமாட்சி அம்மன் காலடியில் வைத்து எடுத்து, நேற்று அவர்கள் வீட்டில் கொடுத்தாயிற்று. பெரியநாயகி அம்மா முந்தானையை விரித்துப் பார்த்து ஒரு குறை சொல்லவில்லை. தலைமையாசிரியை குறை சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக் கல்யாணத்துக்கு என்னைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார்கள். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிவிட்டது மாப்பிள்ளை.

ஆகவே அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம். கயா, அலகாபாத் எல்லாம் நிதானமாகப் பாருங்கள், எல்லாப் படித்துறையிலும் முழுகுங்கள், என் பங்குக்கும் ஒரு முழுக்குப் போடுங்கள். தங்கச்சிக்கு என் ஆசி, உங்களுக்கு என் மரியாதை, விசுவநாதருக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
பொறுப்பாகக் கடையைப் பார்த்துக்கொள்ளும்,
அப்பாதுரை

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். பராமரிப்பு என்று கரண்டை நிறுத்திவிட்டுக் கொடுத்தார்கள், வந்ததும் தறி மறுபடி நின்றுவிட்டது. இப்போது அதில் இருப்பது உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குத் தங்கச்சி ரகசியமாகச் சொல்லி வைத்த புடவை. சரத்குமார் வேலூரில் இருக்கிறார். அந்தப் பொண்ணு சேவ் பண்ணாம போயிருக்கும் சார், கரண்டு போனதும் பெட்டி பழையபடி பதினெட்டுக்கே போயிருக்கும் என்றார் போனில். சத்யப்ரியாவை நலங்குக்கு உட்கார வைத்திருக்கிறார்கள், கூப்பிட முடியாது. ஒரு நம்பர்தானே என்று கடைக் கம்ப்யூட்டரில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து நானே உட்கார்ந்து பதினேழைப் போட்டேன். எந்த வரியில் போட்டேன் என்று தெரியவில்லை. பில் வரவில்லை, கேமரா இல்லை, அந்தப் பக்கமே இப்போது திறக்க மாட்டேன் என்கிறது. அலகாபாத் வேண்டாம், கிடைக்கிற ரயிலில் ஏறி வரவும். சரத்குமார் சொன்னாரே என்று இந்தத் தடவை மறக்காமல் சேவும் பண்ணிவிட்டேன்.