இடது பக்கம் இழுக்கும் லாரி

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் வெங்கடேசனுக்கு, உன் மாமா அரங்கநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நலம் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. ஆகவே அங்கே நீயாவது நலமாக இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெங்களூரில் மழை என்று டி.வி.யில் சொன்னார்கள். தலையை நனைத்துக்கொள்ளாதே.

போன் இருக்கும்போது மாமா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அக்கா பெரியநாயகி பக்கத்திலேயே இருக்கிறாள். வந்த வியாதி அவள் இடது கையை எடுத்துக்கொண்டதே தவிர, காதை ஒன்றும் செய்யவில்லை. வாட்ஸப்பில் எழுதலாமென்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். ஆகவே தபால். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

விஷயம், நீ இங்கே வைத்துவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டியைப் பற்றியது. குறிப்பாக, அதைக் கையில் பிடித்து ஓட்டுகிற சாமானைப் பற்றியது. நான் ரிமோட் என்று சொன்னேன், நீ கண்ட்ரோலர் என்று திருத்தினாய். எந்தப் பெயர் வைத்தாலும் அது உருப்படாத சாமான் என்பதுதான் நான் கண்ட உண்மை. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய புதிதில், வீட்டுக்கு வந்து கைப்பயிற்சி கொடுக்கிற சுபஸ்ரீ என்ற பெண் உன் அக்காவிடம் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னதும், உன் அக்கா "பந்து அமுக்க நான் இன்னா கொழந்தையா?" என்று வலது கையால் அதை ஜன்னல் வழியாக எறிந்ததும் உனக்கு ஞாபகமிருக்கும். அதற்கப்புறம்தான் நீ வந்து டி.வி.யில் அந்த லாரி ஆட்டத்தைப் போட்டு, கண்ட்ரோலரை அவள் மடியில் வைத்து, இடது கட்டைவிரலை அந்தச் சின்னக் குமிழின் மேல் எடுத்து வைத்து, "அக்கா, குமிழை இப்படித் தள்ளினா லாரி இடது பக்கம் வளையும், அப்படித் தள்ளினா வலது பக்கம், ஆக்சிலேட்டரை வலது கையால அமுக்கு" என்று சொல்லிக்கொடுத்தாய். நல்லதை நினைத்துத்தான் செய்தாய். அதனால் உன்மேல் எனக்குக் கோபம் கொஞ்சம்தான்.

நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் வெள்ளிமலை ரூட்டில் பஸ் ஓட்டினவன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால், என் பஸ்ஸில் என் சம்சாரமே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, முதல் வளைவில் கண்ணை மூடி, அடுத்த வளைவில் வாந்தி எடுப்பாள். அப்பேர்ப்பட்டவள் சக்கரத்தை எண்ண முடியாத ஒரு லாரியை மலைப்பாதையில் விடுகிறாள், வாந்தியும் இல்லை மயக்கமும் இல்லை. கட்டைவிரல் அசையாததால் லாரி நேராகத்தான் போகும். வளைவு வந்தால் ரோடு ஒரு பக்கம், இவள் பள்ளத்தாக்கு பக்கம். விழுந்ததும் "மறுபடியும் போடுங்க" என்பாள். ஹார்ன் கிடையாது, இறக்கத்தில் கியரைக் குறைப்பது கிடையாது. "மெதுவா, மெதுவா"ன்னு நான் சொன்னா, "இது இன்னா உங்க பஸ்ஸா? வாயை மூடிக்கினு உக்காருங்க" என்கிறாள். ஒரு டிரைவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியாது.

சரி, சாமானின் லட்சணத்துக்கு வருகிறேன். முதலில் அந்தக் குமிழின் மேலே இருந்த ரப்பர், வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் இருந்த பிளாஸ்டிக் விரலை அறுத்தது. நான் பழைய சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி ஒட்டினேன். கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்து, "சார், கீழே போட்டீங்களா? தண்ணி பட்டுச்சா? சாதாரண உபயோகமா, கடுமையான உபயோகமா?"ன்னு கேட்டுது. "ஒரு கை வராத பொம்பளைம்மா, அவ எப்படிம்மா கடுமையா உபயோகிப்பா?"ன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு, சைக்கிள் ட்யூப் ஒட்டினதால கேரண்டி செல்லாதுன்னு சொல்லி வச்சுடுச்சு. ட்யூப் ஒட்டினதை நான்தான் வாய் வச்சுக்கினு சும்மா இருக்க முடியாம சொல்லிட்டேன்.

அதை ஓரம் வச்சுட்டு இங்கயே பஜார்ல ஒண்ணு வாங்கினேன். கையில எடுத்தா அப்பளம் கனம்தான். வாங்கியாந்த மறுநாளே ஆக்சிலேட்டர் பட்டன் உள்ள போனது போனதுதான், மேல வரவே இல்ல. லாரி தலைதெறிக்க ஓடுது, உன் அக்கா "ஏங்க, பிரேக்கு புடிங்க, பிரேக்கு!"ன்னு கத்தறா, கட்டில்ல உக்காந்திருந்த நான் என்னை அறியாமலே வலது காலைத் தூக்கி ஓங்கி மிதிச்சேன் பாரு, கட்டில் கால்ல பட்டு பெருவிரல் நகம் கழண்டு வந்துடுச்சு. அத்தனை வருஷம் மலையில ஓட்டி உடம்புல ஒரு கீறல் இல்லாதவன், வூட்டுக்குள்ள கட்டில்ல உக்காந்து அடிபட்டுக்கினேன். அப்பாலே சின்னசேலம் போன எடத்துல ஒயர் வச்சதா ஒண்ணு வாங்கினேன். அதோட ஒயரை எலி கடிச்சிடுச்சு. எலிப் பல்லுக்கு இருக்கிற உறுதி அந்த ஒயருக்கு இல்ல. கடைசியில சைக்கிள் ட்யூப் ஒட்டின உன் கண்ட்ரோலருக்கே திரும்பி வந்தோம். நான் ஓட்டின பஸ்ல கியர் ராடைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும், மழை வந்தா மேல இருந்து ஒழுகும், இருந்தாலும் அது புளி மூட்டையையும் ஆட்டையும் ஜனங்களையும் ஒண்ணா ஏத்திக்கினு பத்திரமா கீழ இறங்குச்சு. இதுங்க மடியில உக்காந்துக்கினே செத்துப்போவுது.

இதுவரைக்கும் எழுதினதெல்லாம் சில்லறைக் கஷ்டம். இனிமேதான் நெசமான கஷ்டம்.

ஒரு நாள் காலையில நான் அடுப்புல பால் வச்சிருக்கேன், உள்ள இருந்து உன் அக்கா "வளைஞ்சிடுச்சுங்க! வளைஞ்சிடுச்சு!"ன்னு கூப்பிடறா. ஓடிப்போய்ப் பார்த்தா, அதுநாள் வரைக்கும் வளையாத லாரி இடது பக்கமா வளைஞ்சு ரோட்டோட போவுது. அந்தக் கட்டைவிரல் குமிழ் மேலதான் இருக்குது. பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுபோச்சு, எனக்கு உறைக்கல. நான் அழுதுட்டேன் வெங்கடேசா. உன்கிட்ட போன்ல சொல்லும்போது சளி புடிச்சிருக்குன்னு சொன்னது பொய். சங்கராபுரத்துல இருக்கிற உன் சின்னக்கா அம்சவள்ளிக்குச் சொன்னேன், அவ களமருதூர் முழுக்கச் சொல்லிட்டா. உங்க ஊர் ஜனம் ஆப்பிளும் பிஸ்கட்டும் எடுத்துக்கினு லாரி வளையறதைப் பார்க்க பஸ் ஏறி வந்தாங்க. உன் அக்கா எல்லாரையும் வரிசையா உக்கார வச்சு ஓட்டிக் காட்டினா. முதல்ல ஒரேயடியா இடது பக்கமே போய்க்கினு இருந்தவ, போகப் போக ரோட்டை வுட்டு இறங்காமலே ஓட்ட ஆரம்பிச்சா. அம்மன் கோயில்ல பொங்கல் வச்சோம். சுபஸ்ரீ வந்து கையைத் தூக்கிப் பார்த்து, "ஐயா, பிடிமானம் இன்னும் வரலீங்களே"ன்னு சொன்னதுக்கு, "லாரியே வளையுது, உனக்குக் கண்ணு தெரியலையாம்மா?"ன்னு கேட்டு அந்தப் பொண்ணை முகம் வாட வச்சு அனுப்பினேன்.

போன வாரம் மத்தியானம் உன் அக்கா கை கழுவ எழுந்து போனா. கண்ட்ரோலர் மேசை மேல இருக்குது. லாரி ரோட்டோரமா நிக்குது. நான் சும்மா டி.வி.யைப் பார்த்துக்கினு இருக்கேன். அந்த லாரியோட ஸ்டீரிங் தானா மெதுவா இடது பக்கமா வளையுது மச்சான். யாரும் தொடல. வளைஞ்ச ஸ்டீரிங் வளைஞ்சபடியே நிக்குது. அவ வர்றதுக்குள்ள கண்ட்ரோலரைப் பையில போட்டுக்கினு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிற அன்சர்கிட்ட ஓடினேன்.

அன்சர் நம்ம கண்ட்ரோலர் கணக்கா பத்து சாமான் நடுவுல உக்காந்திருந்தான். திறந்து பார்த்துட்டு, "டிரிஃப்ட் அண்ணே"ன்னான்.

"அப்படின்னா இன்னா?"

"உள்ள தேஞ்சுபோச்சு. நீங்க தொடாமலே தள்ளுற மாதிரி நினைச்சுக்கும். எல்லா கம்பெனி மாலும் இப்படித்தான் வருது, நெறய பேர் கொண்டாறாங்க."

"அப்போ லாரி இடது பக்கம் வளைஞ்சது?"

"அது தானா வளைஞ்சிருக்கும் அண்ணே."

அவன்பாட்டுக்குச் சொல்லிட்டு ஸ்குரூவைத் தேட ஆரம்பிச்சுட்டான். ஒரு மனுசன் எதிர்ல நின்னுக்கினே கீழ விழுந்ததை அவன் கவனிக்கல. சென்னையில இருந்து பார்ட்ஸ் வரணும், வெச்சுட்டுப் போங்கன்னான். வெச்சுட்டு வந்துட்டேன்.

இப்போ உன் அக்கா தினமும் "வந்துச்சா, வந்துச்சா?"ன்னு கேக்கறா. ரிப்பேர்ன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் "என் கை திரும்பிடுச்சு"ன்னு சொல்லிக்கினு இருக்கா. காலையில நான்தான் அவளுக்குத் தலை பின்னி வுடறேன். நேத்து பின்னிக்கினு இருக்கும்போது, "இன்னும் கொஞ்ச நாள்தாங்க, அப்பாலே நானே பின்னிக்குவேன். நீங்க பின்றது மாட்டு வாலாட்டம் இருக்குது"ன்னா. நான் பின்னாடி நின்னதால என் முகம் அவளுக்குத் தெரியல. பேய் மழையில, எதிர்ல லாரி வர்ற வளைவுல, ஜனங்களைச் சுமந்துக்கினு வண்டியை நிறுத்தியிருக்கேன். இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. உன் கை அசையல பெரியநாயகி, மட்டமான பிளாஸ்டிக்தான் அசைஞ்சுதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நீ லீவு போட்டு வா. அவ தம்பி சொன்னா தாங்கிக்குவா. பக்குவமாச் சொல்லிட்டு, அந்தப் பெட்டியையும் எடுத்துக்கினு போயிடு. இனிமே எந்தக் காலத்திலும், எந்தக் கம்பெனியா இருந்தாலும், கண்ட்ரோலர்னு ஒண்ணை இந்த வூட்டு வாசப்படி ஏத்தாதே. கெட்டியான சாமான்னு நீ சத்தியம் பண்ணினாலும் வேண்டாம்.

உனக்குக் காலாகாலத்தில் நல்ல இடத்தில் பெண் அமைந்து, அந்தச் சம்பந்தமாவது தேயாமல் உரியாமல் நெடுநாள் உழைக்க வேண்டுமென்று உன் அக்காவின் சார்பிலும் என் சார்பிலும் வாழ்த்தி முடிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் மாமா,
அரங்கநாதன்.

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதறேன், கையெழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ. தபால் பெட்டிக்குப் போகலாம்னு செருப்பு மாட்டும்போது அன்சரே கண்ட்ரோலரை எடுத்துக்கினு வந்துட்டான். உன் அக்கா அவன் கையில இருந்து பிடுங்காத குறைதான். ஓட்ட ஆரம்பிச்சா. லாரி கிளம்பின வேகத்துல வலது பக்கம் போய் ஆத்துல இறங்குச்சு. மறுபடியும் போட்டா. மறுபடியும் வலது பக்கம், ஆறு. எனக்கு இருந்த எரிச்சல்ல, "இடது பக்கம் இழுத்ததை வலது பக்கம் இழுக்க வச்சுட்டியே, இதுக்குப் பேரு ரிப்பேராடா?"ன்னு அன்சரைப் புடிச்சுக்கினேன். அவன் கண்ட்ரோலரை வாங்கி மேசை மேல வச்சான். ஸ்டீரிங் அசையல. எத்தனை நேரம் பார்த்தும் அசையல. திரும்ப அவ கையில குடுத்தான். ஸ்டீரிங் வலது பக்கம் போச்சு.

நாங்க ரெண்டு பேரும் உன் அக்காவையே பார்க்கறோம். "இன்னா அப்படிப் பாக்கறீங்க? அந்தப் பாழாப்போன வண்டி இடது பக்கமா இழுத்துக்கினே இருந்துச்சு. நான் வலது பக்கமாத் தள்ளித் தள்ளித்தான் ரோட்டுல வச்சு ஓட்டினேன். அந்தப் பழக்கம் வுடலை"ன்னா. வெங்கடேசா, காலம் பூரா ஸ்டீரிங் புடிச்சவன் நான். ஒரு பக்கம் இழுக்கிற வண்டி நேராப் போவுதுன்னா, டிரைவர் எதிர்ப் பக்கம் புடிச்சுக்கினு இருக்கான்னு அர்த்தம். இது எனக்குத் தோணவே இல்லையே! சுபஸ்ரீக்கு போன் போட்டு, மன்னிப்புக் கேட்டு வரச் சொன்னேன். அந்தப் பொண்ணு உன் அக்கா கட்டைவிரலுக்குப் பக்கத்துல தன் விரலை வச்சு, "தள்ளுங்கம்மா"ன்னுச்சு. கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு என்னைப் பார்த்து, "இருக்குதுங்கய்யா. கம்மிதான், ஆனா இருக்குது. எதிர்த்துத் தள்ளினதுல வந்த பலம் இது"ன்னுச்சு. பால் இன்னிக்கும் பொங்கி ஊத்திடுச்சு.

ஆனா புதுக் கஷ்டம் ஒண்ணு. ரிப்பேர் ஆன கண்ட்ரோலரை உன் அக்கா தொட மாட்டேங்கறா. "இதுல எதிர்த்துத் தள்ள ஒண்ணுமே இல்ல, சப்புன்னு இருக்குது, பழையதையே போடச் சொல்லுங்க"ங்கறா. கழட்டின பார்ட்டை அன்சர் குப்பையில போட்டுட்டானாம். ஆகவே நீ பெட்டியை எடுத்துக்கினு போக வர வேண்டாம். பெங்களூர்ல உன் சிநேகிதங்க யார்கிட்டயாவது கெட்டுப்போன கண்ட்ரோலர் இருந்தா விசாரிச்சு எடுத்துக்கினு வா. கண்டிப்பா இடது பக்கம் இழுக்கிறதா இருக்கணும். நல்லாத் தேஞ்சதாப் பார்த்து எடு.