சம்சாரம் உண்டோ?

மலையாளம் தெரியாமல் கேரளத்தில் மாட்டிக்கொண்ட தமிழர் எத்தனையோ பேர். தமிழ் தெரியும் என்ற திமிரால் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரம் கோட்டைக்குள், அக்ரஹாரத்தில். எங்கள் வீட்டுத் தமிழில் பேசுவதைச் 'சம்சாரிக்கிறது' என்போம். (அது மலையாளம் என்று சொன்னால் அம்மா சண்டைக்கு வருவாள்.) இந்தத் தமிழை நம்பித்தான் பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வாரம் ஒருநாள் டாக்டராக என்னை அனுப்பினார்கள். "நீ தமிழனல்லே? நீ போய்க்கோ" என்றார் மேலதிகாரி.

கொடுத்ததோ ஒழுகுகிற ஓர் அறை, பிளாஸ்திரி சுற்றிய பிரஷர் கருவி, மூன்று வகை மாத்திரை. ஆம்புலன்ஸ் கேட்டால் ரோடு சரியில்லை என்பார்கள். ரோடு கேட்டால், அங்கே எத்தனை வண்டி ஓடுகிறது என்பார்கள்.

அன்று நல்ல மழை. வரிசையில் நாற்பது பேர். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் செல்லையாவை அவர் தம்பி தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார். காலையிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறாராம். பக்கவாதமோ என்று எனக்குத் தோன்றியது. பேச்சு இருக்கிறதா என்று தெரியவேண்டும். நிமிர்ந்து அவரிடமே கேட்டிருக்கலாம். கையைத் தூக்கச் சொல்லியிருக்கலாம். மருத்துவம் படித்த கழுதை, சீட்டில் எழுதிக்கொண்டே தம்பியிடம் கேட்டேன்.

"சம்சாரம் உண்டோ?"

"உண்டு சார். கொழுந்து கிள்ளப் போயிருக்கு."

முதல் வார்த்தை போதுமானதாக இருந்தது. மீதி மழைச் சத்தத்தில் போயிற்று. 'பேச்சு உண்டு' என்று எழுதி, சத்து மாத்திரை கொடுத்து, பெஞ்சில் படுக்கவைக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து, அவர் மனைவி மாரியம்மாள் முதுகில் கூடையோடு ஓடிவந்தாள். கொழுந்தனாரிடம் நடந்ததை விசாரித்தாள். நேரே என் மேஜைக்கு வந்தாள்.

"வாய் பேச முடியாமக் கெடக்கிற மனுசனுக்குப் பொண்டாட்டி இருக்காளான்னா சார் கேட்டீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தேயிலை லாரியில் அவரைப் படுக்கவைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினோம். நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். ஒரு மணி நேரத்தைத் தின்றவன் நான். மீதியை ரோடு தின்றது.

விசாரணை நடத்தி, 'மொழிப் பிரச்சினை' என்று கோப்பை மூடினார்கள். ரோட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. பரிகாரமாக, பக்கவாத அறிகுறிகளை விளக்கும் போஸ்டர் ஒன்று வந்தது, முழுக்க மலையாளத்தில். அதை அப்படியே கிழித்துப் போட்டேன். கிழித்ததற்குத் தனியாக ஒரு மெமோ வந்தது.

வீட்டில் இது தீராத ஜோக். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "டாக்டருக்கு சம்சாரம் உண்டோ?" என்பாள் மனைவி. கொழுந்து கிள்ளப் போயிருக்கு என்று பிள்ளைகள் கோரஸ் பாடுவார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

எஸ்டேட்டில் யாரும் சிரிப்பதில்லை. இன்றும் வாரம் தவறாமல், மாரியம்மாள் கணவரைக் கைப்பிடித்து அழைத்துவந்து என் எதிரில் உட்காரவைக்கிறாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே சொல்லிவிடுகிறாள்.

"சம்சாரம் இங்கதான் இருக்கு சார். பேச்சுதான் இன்னும் வரல."