ரைஸ் மில் 'சுவாசம்'

உத்திரமேரூர் தாலுகாவில் அடுத்தவர் நெஞ்சுக்கூட்டைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட ஆத்மா அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் கணக்கெழுதிய ரைஸ் மில்லில் அவர் எடை போடுகிறவர். சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் காதில் விழும்; மற்ற நாளெல்லாம் 'சுவாசம்'தான்.

உமித்தூசு ஏறாமலிருக்க மூக்கையும் வாயையும் ஈரத்துண்டால் கட்டி, கண் மட்டும் தெரிய நிற்பார். ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர், மில்லில் கொள்ளைக்காரன் புகுந்துவிட்டான் என்று தடியோடு பாய்ந்து வந்தார். விஷயம் புரிந்து அவர் திரும்புவதற்குள், அவர் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கையில் ஒரு டம்ளர் தூதுவளை ரசத்தைத் திணித்தார் சுவாசம். மூட்டை தூக்குகிறவர்களிலிருந்து முதலாளி வரை அந்த ரசத்துக்குத் தப்பியவர் கிடையாது. விடியற்காலையில் என்னை ஏரிக்கரைக்கு இழுத்துப் போய், காற்றை நெஞ்சு நிறைய இழுக்கச் சொல்லுவார். நிறைந்துவிட்டது என்றால், உள்ளே இன்னும் இடம் இருக்கிறது என்பார்.

குருணை சலிக்கிற பச்சையம்மாள் இரும ஆரம்பித்தாள். வேலை போய்விடுமே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமுவாள். ரசம் கொடுத்துப் பார்த்தார். ஆடாதொடைக் கஷாயம் கொடுத்துப் பார்த்தார். இருமல் மசியவில்லை. ஒருநாள் மத்தியானம் கூரைமேல் ஏறி ஓடுகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

முதலாளி ஓடிவந்து, "மேல இன்னா பண்ணிக்கினு கீறே?" என்றார்.

"தூசு வெளிய போவ வழி பண்றேங்க. உள்ள மனுசங்க கீறாங்க."

சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. திறந்த இடத்தின்மேல் தார்ப்பாயை விரித்துப் பிடித்தபடி, மழை விடும்வரை கூரையிலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். திட்ட வந்த முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரமே சுவரை இடித்துப் பெரிய ஜன்னல்கள் வைத்தார்.

ஆனால் பச்சையம்மாளின் முந்தானையில் ரத்தம் பட்டிருந்தது. அதைப் பார்த்த அன்று சுவாசம் வேறு மனிதராகிவிட்டார்.

"என் கஷாயத்துக்கு இது அடங்காதும்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம், வா" என்று செங்கல்பட்டு பஸ்ஸில் அவரே கூட்டிப் போனார். மாதக்கணக்கில் மருந்து, ஊசி. ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்த பிறகு யாருக்கும் புத்திமதி சொல்லமாட்டார். எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பச்சையம்மாள் தேறித் திரும்பினாள். தூசில்லாத வெளிக்களத்தில் நெல் கிளறும் வேலையை முதலாளியிடம் அவளுக்காகக் கேட்டு வாங்கியிருந்தார். சலிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. சரி என்று தாமே சல்லடையைப் பிடித்து உட்கார்ந்தார். அரிசி ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம், தலையெல்லாம் தவிடு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பச்சையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நடுவில் ஒரு தரம்கூட இருமாமல் முடிகிறவரை, அவர் சல்லடையை அசைக்காமல் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.