சரஸ்வதி போட்ட கணக்கு

பண்டிகை வந்தால் போதும், பெற்றோருக்குப் பொய் சொல்ல லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது. மற்ற நாளெல்லாம் "பொய் சொன்னா வாயில சூடு வெப்பேன்" என்று மிரட்டுகிற அதே அம்மா, கோகுலாஷ்டமியன்று தன் கையை மடக்கி மாவில் தோய்த்து வாசலிலிருந்து வரிசையாகச் சின்னக் கால்கள் போட்டுவிட்டு, "பாரு, கண்ணன் வந்துட்டுப் போயிருக்கான்" என்கிறாள். டிசம்பரில் மாதா கோயில் தெருப் பிள்ளைகளுக்குப் பஞ்சுத் தாடியோடு ஒரு தாத்தா வருகிறார். (எங்கள் ஊருக்கு வந்த தாத்தா ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார். தாடியில் பீடி நாற்றம் அடிக்கும்.) ஏன் இப்படி என்று கேட்டால், குழந்தைகளுக்குக் கற்பனை வளருமாம். வளரட்டும். அந்தக் கற்பனையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள் படும் பாடு இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில், நாற்பது பிள்ளைகள் முன்னால், சரஸ்வதிக்குக் கணக்கு வராது என்று நிரூபணம் ஆன தினத்தில் அவளுக்காக வக்கீலாக நின்று வாதாடியவள் நான். அப்போது எனக்கு வயது ஒன்பது. ஒன்பது வயதிலுமா நம்பினாய் என்று கேட்காதீர்கள். நம்பினேன். வகுப்பில் நான்தான் முதல் ரேங்க் என்பதையும் வெட்கத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அப்பாவுக்குச் சூளை வேலை. கோப்பை, ஜாடி, பொம்மை எல்லாவற்றையும் சூளைக்குள் அடுக்குவார். வெந்து ஆறியதும் சூளையைப் பிரித்து, நல்லது இத்தனை, உடைசல் இத்தனை என்று எண்ணிச் சொல்வார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அம்மாவுக்கு அதுவும் கிடையாது. ஆனால் புராணம் மட்டும் இருவருக்கும் தண்ணீர் பட்ட பாடு. அதிலும், எந்த ஏட்டிலும் இல்லாத புராணம்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களைச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைப்போம். அன்றைக்குப் படிக்கக் கூடாது. ஏன் படிக்கக் கூடாது என்று நான் கேட்டு வைத்தேன். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்.

"இன்னைக்கி சரஸ்வதி வந்து எல்லாப் புஸ்தகத்தையும் ஒரு தரம் படிச்சிப் பாக்கும். அது படிக்கும்போது நாம பிடுங்கலாமா?"

"எல்லார் வூட்லயுமா?"

"எல்லார் வூட்லயும்தான். மொதல்ல நம்ம வூடு."

(ஏன் முதலில் எங்கள் வீடு? ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். சரஸ்வதி ரயிலில் வருகிறாள் போலிருக்கிறது.)

அந்த வருடம் விடுமுறைக்கு எங்கள் கணக்கு வாத்தியார் பதினைந்து கணக்குகள் கொடுத்திருந்தார். பத்தைப் போட்டுவிட்டேன். கடைசி ஐந்தும் எனக்குப் பிடிபடவில்லை. வரப்போகிறவளோ படிப்புக்கே அதிபதி. புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவளுக்கு நோட்டில் எழுதத் தெரியாதா? இதுதான் என் முதல் ரேங்க் மூளை போட்ட திட்டம். கணக்கு நோட்டை அடுக்கின் மேலே திறந்து வைத்தேன். பக்கத்தில் சீவின பென்சில், அழிரப்பர். உள்ளே ஒரு கடிதம்.

"உயர்திரு சரஸ்வதி அவர்களுக்கு, எனக்கு உடம்பு சரியில்லாத காரணத்தால் ஐந்து கணக்குகளைப் போட முடியவில்லை. தாங்கள் தயவுசெய்து போட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி."

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் லீவு லெட்டர் ஒன்றுதான், அதை அப்படியே சாமிக்கும் எழுதிவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி காலையில் பார்த்தால் ஐந்து கணக்கும் போட்டிருந்தது. கூடை நிறையப் பொரி கொட்டினதுபோல் மனசு பொங்கியது. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். "அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தார். என்ன நடிப்பு! எட்டு என்ற எண்ணை ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டமாகப் போட்டிருந்தது. அப்பாவும் அப்படித்தான் எட்டு போடுவார். அதைப் பார்த்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரஸ்வதியும் எங்கள் அப்பா மாதிரியே எட்டு போடுகிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

என் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பா சிரித்ததையும், "புள்ள ஆசையா எழுதி வெச்சிருக்குது, ஏமாந்துடும், நீங்களே போட்டு வெச்சிடுங்க" என்று அம்மா சொன்னதையும் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம்தான்.

பள்ளிக்கூடம் திறந்தது. எங்கள் கணக்கு வாத்தியார் திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். கோபக்காரர். நோட்டைத் திருத்திக்கொண்டே வந்தவர் என்னுடையதில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஒரு பெட்டியில் 12 கோப்பைகள் வீதம் 15 பெட்டிகளில் எத்தனை கோப்பைகள்? விடை 180. உடைசல் 18 போக 162."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்ததைப் படித்தார்.

"ஒரு மரத்துக்கு 40 மாம்பழம் வீதம் 6 மரத்தில் எத்தனை? விடை 240. அணில் கடித்தது, வெம்பினது போக 200."

வகுப்பு சிரிக்க ஆரம்பித்தது.

"காலை 8 மணிக்குப் புறப்பட்ட ரயில் 3 மணி நேரம் ஓடினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? விடை 11 மணி. வழியில் நிறுத்திப் போட்டால் 12. ஐந்து ஆட்கள் 8 நாளில் கட்டும் சுவரைப் பத்து ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள்? விடை 4 நாள். பத்துப் பேரும் வேலைக்கு வந்தால்."

ஐந்தாவதை அவர் படிக்கவில்லை. பால் கணக்கு அது. அதில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கும் என்று சரஸ்வதி ஊகித்திருந்தாள்.

"யாருடி போட்டது இது?"

"சரஸ்வதி சார்."

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "நான் இல்ல சார், சத்தியமா நான் இல்ல சார்" என்று அழ ஆரம்பித்தாள். அவள் பெயர் சரஸ்வதி. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, நானே விளக்கினேன். பூஜையன்று வந்தது, முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும், கடிதம் எழுதி வைத்தேன், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வாத்தியாருக்கு மூக்கு சிவந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"சாமி போட்டா தப்பா இருக்காது சார். நீங்க வேணா இன்னொரு தரம் போட்டுப் பாருங்க சார்."

தலையில் விழுந்த குட்டு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதைவிட மோசம், பின் பெஞ்சிலிருந்து சூளைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர், "ஆமா சார், உடைசல் போவணும் சார்" என்று எனக்குக் கட்சி கட்டியது. அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு குட்டு. என்னை பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். "நாளைக்கு உங்கப்பன் வர்ற வரைக்கும் நில்லு" என்றார்.

எனக்குத் துளியும் பயமில்லை. அப்பா வந்து ஒரு வார்த்தை சொன்னால் வாத்தியார் என்னிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று நினைத்தேன். எந்த மாதிரி மன்னிப்பை ஏற்றுக்கொள்வது என்றுகூட வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் திட்டமிட்டேன். வீட்டில் அப்பாவிடம், "சார் உங்கள வரச் சொன்னாரு, சாட்சி சொல்றதுக்கு" என்றேன். அப்பா சோற்றில் கை வைத்தவர் அப்படியே அம்மாவைப் பார்த்தார். அம்மா குழம்புச் சட்டிக்குள் பார்த்தாள். அப்போதாவது இரண்டு பேரில் ஒருவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலையில் முதல் மணியிலிருந்தே பெஞ்சு மேல் நின்றேன். அப்பா பட்டறையிலிருந்து நேரே வந்தார். முழங்கைவரை வெள்ளை மண் காய்ந்து அப்பியிருந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பட்டறையில் முதலாளி முன்னால்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"என்னய்யா, உம் பொண்ணு நோட்டுல எழுதுனது யாரு?"

அப்பா என்னை அண்ணாந்து பார்த்தார். நான் தலையாட்டித் தைரியம் சொன்னேன். சொல்லுங்கள், பயப்படாதீர்கள் என்று.

"நாந்தாங்க சார்" என்றார்.

அன்றைக்கு நான் வாய் திறந்தது அப்போதுதான். திறக்காமலே இருந்திருக்கலாம்.

"பொய் சார்! எங்கப்பா பொய் சொல்றாரு சார்! அவருக்குக் கணக்கே தெரியாது சார்! மூணாங்கிளாசுகூடப் பாஸ் பண்ணல சார்!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சாமிக்கு வக்காலத்து வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டு, பெற்ற அப்பாவை நாற்பது பேர் முன்னால் சந்தி சிரிக்க வைத்தேன். அப்பாவின் முகம் சுருங்கிப் போயிற்று. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். காய்ந்த மண் தரையில் உதிர்ந்தது.

வாத்தியாருக்கு யாரை நம்புவது என்றே புரியவில்லை. சாக்பீஸை நீட்டினார். "அப்ப இங்க போட்டுக் காட்டுய்யா."

அப்பா போர்டில் பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கினார். நூற்றெண்பது வந்தது. அங்கேயே சாக்பீஸைக் கீழே வைத்திருக்கலாம். கை கேட்கவில்லை. கீழே 'உடைசல் 18 போக' என்று எழுதினார்.

"உடைசலை யாருய்யா கேட்டா?"

"கோப்பைன்னா ஒடையும் சார்."

"இந்தக் கோப்பை ஒடையாது. இது கணக்கு."

"சூளையப் பிரிச்சா பத்துக்கு ஒண்ணு போயிடும் சார். நூத்தியெண்பதும் முழுசா வந்த சூளைய இந்த ஊருல யாராவது பாத்திருந்தா சொல்லச் சொல்லுங்க. நான் வேலைய வுட்டுடறேன்."

அதற்குள் சிறுமைப்பட்டதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. நியாயத்துக்காகச் சண்டை போட்டார். பின் பெஞ்சு கை தட்டியது. வாத்தியார் மேஜையைத் தட்டினார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. போர்டில் இருந்த எட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டத்தின் மேல் வட்டம். பெஞ்சு மேல் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சரஸ்வதி வரவில்லை. போன வருடமும் வரவில்லை. அணில் கடித்த மாம்பழத்தைக் கழிக்கிற சாமி உலகத்தில் எங்கேயும் இல்லை.

வாத்தியார் என்னை இறங்கச் சொன்னார். அப்பாவிடம், "இனிமே பொண்ணு நோட்டுல கை வெக்காதய்யா" என்று எல்லோர் முன்னாலும் எச்சரித்து அனுப்பினார். "சரிங்க சார், போயிட்டு வரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறீர்களா? தீபாவளி வரை அவரோடு பேசவில்லை. அவர் பொய் சொன்னதற்கு அல்ல, உண்மையைச் சொன்னதற்கு. ஆமாம் சரஸ்வதிதான் என்று சொல்லியிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும் என்பது என் வாதம். ஒன்பது வயதில் நான் அவ்வளவு அழகான பிள்ளை.

பட்டறைக்கு விஷயம் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. அப்பாவுக்கு அங்கே 'சரஸ்வதி' என்று பெயர் விழுந்தது, வேலையிலிருந்து நிற்கும்வரை போகவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. பத்தாவதில் நான் மார்க்கைச் சொன்னபோது, "உடைசல் போகவா?" என்று கேட்டான் தம்பி. என் கல்யாணத்துக்கு நானூறு பேர் வருவார்கள் என்றார் மாமனார். அப்பா உடைசல் போக முந்நூற்று அறுபது இலைக்குத்தான் சொன்னார். மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பந்தி முடிந்து எண்ணினால் முந்நூற்று ஐம்பத்தெட்டு.

என் பிள்ளைகளை இந்த மாதிரிப் பொய் எதுவும் சொல்லாமல்தான் வளர்த்தேன். கண்ணன் கால் போட்டால், "இது அம்மா கை" என்று சொல்லிவிட்டே போட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள், "என்னாங்க இது, பச்சப்புள்ளகிட்ட போயி" என்று அலுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லி, பார்த்தீர்களா பொய்யின் லட்சணத்தை என்று கேட்பேன். "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்று எழுந்து போவார்கள்.

அப்பாவிடம் ஒரு தடவைதான் இதைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது.

"சாமி கதைய அவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்தீங்க. வாத்தியார் கேட்டதும் நாந்தான்னு ஏம்பா ஒத்துக்கிட்டீங்க?"

"நீ பெஞ்சு மேல நின்னுக்கிட்டு இருந்தியேம்மா" என்றார். "கால் வலிக்காதா?"

பிள்ளைகளிடம் பண்டிகைப் பொய் சொல்லலாமா என்று விவாதம் வரும்போதெல்லாம் நான் கதையை உடைசலோடு நிறுத்திவிடுகிறேன். இந்த இடத்தை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் என் கட்சி தோற்றுப்போகும்.