திரையில் வந்தவரை வாங்க என்று கேட்ட குற்றம்

மானகிரி
வெள்ளிக்கிழமை

மாப்பிள்ளை முத்தரசு அவர்களுக்கு,

என் பேத்தி சத்தியப்பிரியா தேர்வில் காப்பியடித்தாள் என்ற அறிக்கையில் நீங்கள் கையெழுத்துப் போட்டது அநியாயம். மற்றபடி உங்கள் அம்மா, என் தங்கச்சி, முட்டிவலி குறைந்து நடமாடுவாள் என்று நம்புகிறேன்.

கல்லூரியில் ஆன்லைன் பாடங்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு. டேட்டா அனலிடிக்ஸ் சான்றிதழ் இருந்தால்தான் வேலை நேர்காணலில் உட்காரலாம் என்றதும் நீங்கள்தான். மூன்று மாதம் படித்தாள். தேர்வன்று காலை, “ஐயா, ஒரு மேடம் கம்ப்யூட்டர் வழியா என்னையப் பாத்துக்கிட்டே இருப்பாக, இங்குட்டு வந்துராதீக” என்றாள். சரி என்றுதான் இருந்தேன். ஆனால் கதவிடுக்கில் பார்த்தால் திரையின் மூலையில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார், ஒரு மணி நேரமாக ஒருவர் நம் வீட்டுக்குள் இருக்க வீட்டுக்காரன் முகம் காட்டாமல் இருப்பது முறையா என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்று கும்பிட்டு, “வாங்க, எந்த ஊரு, காப்பி சாப்பிடுறீகளா?” என்று கேட்டேன், அவரால் குடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், கேட்பதுதான் முறை, அவர் என்னை, என் வீட்டில், வெளியே போகச் சொல்கிறார், நான் திரும்புவதற்குள் திரை சிவந்து, இரண்டாம் நபர் உதவி, தேர்வு ரத்து என்று வந்துவிட்டது. பிள்ளை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

போனில் கேட்டால், “விதி விதிதான் மாமா, நீங்க எதுக்குப் போனீக?” என்கிறீர்கள். சின்னப் பேத்தி துர்காதேவி காதுகுத்தில், பந்தி அவசரத்தில் உங்களை வாங்க என்று கேட்க விட்டுப்போனதற்கு மூன்று வருடம் என் வாசல் மிதிக்காதவர் நீங்கள். அன்று கேட்காதது குற்றம். இன்று கேட்டதும் குற்றமா?

உதவி என்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மோட்டார் ரிப்பேர் முதல் பட்டா மனு வரை நானாகக் கற்றேன். ஆனாலும் அந்தப் பாடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. இதை எழுதக் கசக்கிறது. பிள்ளைக்காக எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளைகள், நீங்கள் கையெழுத்துப் போடாத தேர்வுகளிலெல்லாம் தேறட்டும். அறிக்கையைத் திரும்பப் பெறவேண்டியது நீங்கள். மறுதேர்வுக்கு நாள் குறிக்கவேண்டியது முதல்வர். வருத்தம் தெரிவிக்கவேண்டியது அந்த அம்மா. மறுதேர்வன்று வயலுக்குப் போய்விடவேண்டியது நான்.

இப்படிக்கு,
மாமன் சேவுகப்பெருமாள்

பின்குறிப்பு: முப்பத்தாறு வீடியோவையும் அவளோடு உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. பல ஊர்களின் மழையளவு பற்றிய பதினேழாம் கேள்வியில் சராசரி என்று தொட்டிருந்தாள். ஒரே ஊரில் மட்டும் புயல்மழை கொட்டியிருக்கும்போது சராசரி எப்படிச் சரியாகும்? கும்பிட்டு நிமிரும்போது, “இடைநிலை அளவு” என்று மெதுவாகத்தான் சொன்னேன், உடனே மாற்றிவிட்டாள். விடை சரி. அதற்கு மதிப்பெண் போடவேண்டியது நீங்கள்.