சிலுப்பாத கிடா

அன்புள்ள தம்பி செல்வகணேசுக்கு,

கயத்தாறு பக்கத்திலிருந்து உன் அக்கா கல்யாணசுந்தரி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தானும் ஆடுகளும் மாடன் சாமி புண்ணியத்தில் நலம். நீ கொண்டுவந்து கட்டிய கிடா மட்டும் நலமில்லை. அங்கு கோத்தகிரிக் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரியும் பாப்பாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் என்ன அனுப்பினாலும் நீலக்கோடு விழுது, போனை மட்டும் எடுக்க மாட்டேங்க. காயிதத்தையாவது பிரிச்சுப் பாப்பேன்னுதான் எழுதுதேன்.

மாசி மாசம் நீ வந்திருந்தப்ப, கால்நடைக் காலேஜ் பிள்ளைக வந்து உடம்பெல்லாம் செவலைப் பொட்டு விழுந்த என் பொட்டுக்கிடா கழுத்துல ஊசியக் குத்தி ரத்தம் எடுத்தாவளே, ஞாபகம் இருக்கா? வெயிலத் தாங்குத குணம் இதுக்கு ரத்தத்துலயே இருக்கு, குட்டிகளுக்கும் இறங்கும், இந்தக் கிடாய விட்ராதீங்கம்மான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாவ. நீ பக்கத்துல உக்காந்து, நான் வாங்கி வச்ச கடம்பூர்ப் போளியத் தின்னுக்கிட்டே எல்லாத்தையும் கேட்ட. மறுநா நான் ரேஷன் கடைக்குப் போன நேரம் பாத்து, உங்க ஊர்லருந்து வண்டியில வரவழைச்ச மலைக்கிடாய இறக்கிட்டு என் கிடாய ஏத்திட்டுப் போயிட்ட. ரெண்டு ரத்தமும் கலந்தா குட்டி எடை கூடுமாம், மச்சினன் படிச்சவன் சொல்லுதான்னு உங்க அத்தான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்காவ. எங்கிட்ட கேக்காம ஒரு தீப்பெட்டி வாங்காத மனுசன், கிடாயத் தூக்கிக் குடுத்துட்டாவ.

ரத்தம் எங்கலே கலக்க? பங்குனி வெயிலுக்கே உன் கிடாய்க்கு நாக்குத் தள்ளிட்டு. உடம்பெல்லாம் கம்பளியப் போத்திக்கிட்டு இந்தக் கரிசக்காட்டுல எந்தச் சீவன் நிக்கும்? நம்ம ஆடுகளுக்கு ரோமமே கிடையாது, இங்கன அதக் கத்தரிக்கத் தெரிஞ்ச ஆளுமில்ல. வெயில் ஏறுனா வேப்பமரத்தடியில படுத்துரும், பொழுதடைஞ்சாத்தான் எந்திரிக்கும். ஆடுக சுத்திச் சுத்தி வருது, ஒண்ணக்கூட அது ஏறிட்டுப் பாக்கல. பட்டியில ஒரு ஆடுகூட சினைப்படல. குட்டி இல்லன்னா எங்களுக்குப் பிழைப்பு ஏது? ஆட்டு டாக்டர் வந்து பாத்துட்டு, குளிர்ல பொறந்த சாதி, அதோட ரத்தம் அப்படி, ஊசி போட்டெல்லாம் மாத்த முடியாதுன்னுட்டார். உங்க அத்தான் கோவில்பட்டிக்குப் போயி அதுக்கு டேபிள் பேன் வாங்கியாந்தாவ. நான் வீட்டுக்குள்ள முந்தானையால வீசிக்கிட்டுக் கிடக்கேன்.

சரி, மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்காவது பலி குடுத்துரலாம்னு வைகாசியில இழுத்துட்டுப் போனோம். தண்ணிய ஊத்துனா கிடா உடம்பச் சிலுப்பணும், அப்பத்தான் சாமி உத்தரவு, அதுக்குப் பொறவுதான் அரிவா. உனக்குத் தெரியாததா? பூசாரி சுடலைமணி அண்ணாச்சி மஞ்சத்தண்ணிய ஊத்துனாவ. இது சிலுப்புச்சா? குத்தாலத்து அருவியில நிக்க மாதிரி கண்ண மூடிக்கிட்டு நிக்கி. இன்னொரு குடம் ஊத்துனா, கழுத்த நீட்டிக் குடுக்கு. லாரித் தண்ணி வாங்குத ஊரு, குடத்துக்கு மேல குடமாக் காலியாவுது, இது அசையல. ஊரே கறிச்சோத்துக்குக் காத்துக் கெடந்துட்டு சாம்பாரத் தின்னுட்டுப் போச்சு. சாமியே வேண்டாம்னு சொன்ன கிடான்னு பேராயிட்டு, இனி ஒரு வியாபாரி வாங்க மாட்டான்.

இதெல்லாம் போகட்டும். நேத்து உன் வீட்டுக்காரி போன் போட்டு வாய் தவறிச் சொல்லிட்டா. "மதினி, உங்க கிடா குளிர் தாங்காம இருமிக்கிட்டே கிடக்கு. பாப்பா காதுகுத்துக்கு அதத்தான் கறி போடலாம்ங்காவ இவிய." அப்பமே காயிதமும் பேனாவும் எடுத்துட்டேன். வெட்டவாலே கொண்டு போன? அது போனா என் பட்டியில அந்த ரத்தம் அத்தோட முடிஞ்சுது. நம்ம அப்பா சித்திரை வெயில்ல தலையில துண்டு போடாம உழுதவிய. அது எனக்கு இறங்குச்சு. நீ மாசி மாசத்துலயே பக்கத்து வீட்டுக்குப் போயி ஏர்கூலர் முன்னால படுத்துக் கிடந்தவன், ஒனக்கு என்ன தெரியும் வெயிலப் பத்தி?

காயிதம் கண்டதும் கிளம்பு. என் கிடாய உயிரோட இறக்கு, உன் கிடாய ஏத்திட்டுப் போ. இல்லன்னா காதுகுத்துக்கு அத்தை வர மாட்டா, சீரும் வராது, அக்கான்னு ஒருத்தி இருந்ததையே மறந்துரு.

பாப்பாவுக்கு அத்தையின் முத்தம். உன் வீட்டுக்காரி தீர்க்க சுமங்கலியாக இருக்கட்டும், அந்த வகையில் உனக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஆத்திரம் அடங்காத அக்கா,
கல்யாணசுந்தரி

பின்குறிப்பு: காயிதத்த மடிச்சு வச்சிட்டுத் தொழுவத்துக்குப் போனேன். கரண்டு இல்ல, பேன் நின்னு போச்சு, உன் கிடா மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடக்கு. முந்தானையால வீசுனேன். என் மடியில தலைய வச்சிட்டு. அது என்னலே செய்யும், அதோட ரத்தம் அது. ஒண்ணு சொல்லுதேன், உங்க அத்தான்ட்ட சொல்லிறாத. அன்னைக்கு ஒவ்வொரு குடத்துக்கும், சிலுப்பிறக் கூடாதுன்னு மாடன்ட்ட வேண்டிக்கிட்டேதான் நின்னேன். காதுகுத்துக்குக் கோழி எடுத்துக்க, சீரோட நான் வாரேன். நீ வரும்போது ரோமம் கத்தரிக்க அங்கன ஒரு ஆளக் கூட்டியா. என் கிடாய இறக்கிட்டு வெறும் வண்டியோட போ.